பெரியநாயகி இழுத்த கேபிள்

பெரியநாயகிக்கு ஐம்பத்தேழு வயது. திருச்செங்கோட்டிலிருந்து ஈரோடு போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மஞ்சளும் சோளமும் போட்ட காட்டுக்கு நடுவே அவள் வீடு. இரண்டு கறவை மாடு, பத்து ஆடு, குழந்தைவேல் என்று ஒரு வீட்டுக்காரர். இந்த மூன்றில் எதைக் கட்டி மேய்ப்பது சிரமம் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவள் போன தை மாதம் வள்ளிக்கும்மி பழகச் சேர்ந்தாள். இந்தப் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் கும்மிதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பேரன் எடுத்த பெண்களும் ஒன்றாக நின்று மூன்று மாதம் பழகி, ஒரே நிறச் சேலையில் கோயில் திடலில் அரங்கேற்றம் செய்வார்கள். குழந்தைவேல் முதல் நாளே சிரித்தார்.

"முட்டிவலித் தைலம் ரெண்டு பாட்டலு சேத்தி வாங்கி வெச்சுக்க புள்ள."

அதன்பிறகு ஒருநாள்கூட அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்க்கவில்லை. தினமும் பால் கறக்கும்போது அவள் பாட்டைச் சொல்லிப் பழகுவது காதில் விழுந்தாலும் விழாதவர்போல இருந்தார். பெரியநாயகியோ அரங்கேற்றத்தன்று முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறேன் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மனிதர் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். ஒன்றரை மாதம் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். பெரியநாயகி உட்கார்ந்து அழுதாள். பாதி அழுகை காலுக்கு, பாதி கும்மிக்கு.

அப்பா பொழுதுபோகாமல் கிடக்கிறாரே என்று மகன் நந்தகுமார் ஈரோட்டிலிருந்து பெரிய டிவி ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை டிஷ் மாட்ட ஆள் வருவதாகவும் சொன்னான்.

"டிஷ்ல நம்மூரு சேனல் வருமா சாமி?" என்று கேட்டாள் பெரியநாயகி.

"பொறந்தநாள் வாழ்த்தும் நகைக்கடை விளம்பரமும் போடுவாங்களே, அதுங்களாம்மா? அது கேபிள்ல மட்டுந்தான் வரும். அதையெல்லாம் யாரு பாக்கறாங்க?"

அந்தச் சேனலில்தான் அரங்கேற்றத்தை நேரடியாகக் காட்டப் போகிறார்கள். செல்போனில் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது கொட்டகையின் வடக்கு மூலையில் மட்டும்தான், அதுவும் மாடு நகர்ந்து இடம் கொடுத்தால். தவிர, கையகலப் போனில் நூற்றிருபது பேர் ஆடினால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் இருக்கும்.

"அப்படின்னா கேபிளே இருக்கட்டும்" என்றாள்.

அப்பாவும் மகனும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள், இதில் மட்டும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். டிஷ் என்றால் கம்பி அறுந்தது, ஆள் வரவில்லை என்ற தொல்லையே கிடையாது என்றான் மகன். மழை வந்தால் படம் நின்றுபோகுமே என்றாள் அம்மா. இங்கே மழை எங்கே வருகிறது என்று அவன் திருப்பிக் கேட்டான். குழந்தைவேலின் காரணமோ வேறு.

"கேபிளு சென்னியம்மா காட்டு வழியா வரோணும். அவகிட்டப் போயி நிக்கறதுக்கு டிவியே வேண்டாம்."

சென்னியம்மாள் பக்கத்துக் காட்டுக்காரி. நாலு வருஷத்துக்கு முன் பெரியநாயகியின் மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் இரண்டு அவளுடைய சோளத்தில் புகுந்து வயிறாரத் தின்றன. அன்றைக்கு நடந்த பேச்சை எழுத முடியாது. அதோடு போக்குவரத்தும் நின்றது.

கேபிள்காரர் மாரி வந்து பார்த்தார். சாலையோரக் கம்பத்திலிருந்து சென்னியம்மாளின் ஏழு தென்னை மரங்களைப் பிடித்துத்தான் வயர் வர வேண்டும், வேறு வழி இல்லை என்றார்.

"அந்தம்மா சரீன்னா அரை நாள் வேலைங்க. ஆனா நாங் கேக்கமாட்டேன். போன வருசம் சொல்லாம ஒரு ஆணி அடிச்சதுக்கு வாங்குன பேச்சு இன்னும் காதுல நிக்குதுங்க."

மறுநாள் காலையில் பெரியநாயகி தானே வரப்பைத் தாண்டினாள். சென்னியம்மாள் வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கறீங்களாக்கா?"

"அதைக் கேக்க நாலு வருசம் ஆச்சாக்கும்?"

பெரியநாயகி சுற்றி வளைத்துப் பேசலாம் என்றுதான் வந்தாள். நெஞ்சில் இருந்தது அப்படியே கொட்டிவிட்டது.

"நான் கும்மி ஆடறனுங்கக்கா. என்ற ஊட்டுக்காரரு அதை ஒருக்காப் பாக்கோணும். காலு ஒடிஞ்சு கெடக்கறாரு. உங்க தென்னையில கேபிள் கட்டிக்கட்டுமுங்களா?"

சென்னியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த கடலை சிதறச் சிரித்தாள்.

"கும்மி ஆடறயா நீயி! சரி, கட்டிக்க. ஆணி அடிக்கப்படாது, கயித்துலதான் கட்டோணும். அன்னிக்கு நானும் உங்கூட்டுக்கு வந்து பாப்பேன். இன்னொண்ணு, உன்ற ஆடு மறுக்கா என்ற காட்டுல கால வெச்சுது, கேபிளோட சேத்தி அதையும் மரத்துல கட்டிருவேன்."

நாலு வருஷப் பகை ஒரு மடிக் கடலையோடு தீர்ந்தது. இரண்டு பேரும் அதைப் பங்கு போட்டுத் தின்றார்கள். நந்தகுமார் முணுமுணுத்துக்கொண்டே டிஷ் ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அரங்கேற்றம் மாலை நான்கு மணிக்கு. நூற்றிருபது பேரும் சேலைக்குப் பேர்போன இளம்பிள்ளையில் மொத்தமாக எடுத்த பச்சைச் சேலையில் நின்றார்கள். பெரியநாயகிக்கு நாலாவது வரிசை. கேமரா இப்படி அப்படி அலைந்தது. இத்தனை பச்சையில் வீட்டுக்காரர் தன்னை எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்? அந்த நினைப்பிலேயே ஆடியவள் கடைசிப் பாட்டில் எல்லாரும் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கம் திரும்பி, நாக்கைக் கடித்துக்கொண்டு சரிசெய்தாள். யாரும் கவனிக்கவில்லை. கும்மி வாத்தியாரே மேடையிலிருந்து இறங்கி வந்து, அத்தனை பேரும் ஒரு பிசகு இல்லாமல் ஆடினீர்கள் என்று பாராட்டினார்.

பொழுது சாயும்போது சலங்கையோடு வீட்டுக்குள் நுழைந்தாள். குழந்தைவேல் தலையணையில் சாய்ந்திருந்தார், சென்னியம்மாள் நாற்காலியில்.

"தெரிஞ்சனுங்களா?" சலங்கையை அவிழ்க்காமலே கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுந் தெரியல நாயகி" என்றாள் சென்னியம்மாள். "எல்லாம் பச்சைப் பசேல்னு சோளக்காடாட்ட இருந்துச்சு."

குழந்தைவேல் சுவரில் இருந்த டிவியைக் கைகாட்டினார்.

"நாலாவது வரிசை, இந்தக் கடைசீலிருந்து மூணாவது ஆளு. முடியறப்ப எல்லாரும் சோத்தாங்கைப் பக்கம் திரும்பறாங்க, நீ ஒருத்தி ஒரட்டாங்கைப் பக்கம் திரும்பற."

பெரியநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியொரு சந்தோஷம் அவள் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

"அத்தனை பேருல எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"முப்பத்தெட்டு வருசமாப் பாக்கற நடை, தெரியாமப் போயிருமா? எங்க, அந்தத் திருப்பத்தை இப்ப ஒருக்கா ஒழுங்காத் திரும்பு, பாப்போம்."

"பாட்டு இல்லாம எப்படித் திரும்பறது?"

குழந்தைவேல் சென்னியம்மாளை ஒரு பார்வை பார்த்தார். கூச்சத்தோடு கண்ணை மூடிக்கொண்டு, கும்மிப் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாட ஆரம்பித்தார்.