தெரிந்தவர் இல்லாத தீவு

எங்கள் மகள் விடுமுறைக்கு வீடு தேடும் விதத்தை ஒரு மாதமாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீச்சல் குளத்துப் படங்களை அவள் தட்டிக்கொண்டு போய்விடுவாள். ஆகக் குறைந்த புள்ளி கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் வாசிப்பாள்.

"நல்லது சொல்லுறவை சூரியன் மறையிறதைப் பற்றித்தான் எழுதுவினம் அம்மா. குறை சொல்லுறவைதான் எத்தினை படி எண்டு எண்ணி எழுதுவினம்."

படிகள்தான் எங்களுக்கு முக்கியம். அவளுடைய அப்பா இப்போது இரண்டாம் மாடி வளைவில் நின்று, யன்னலால் எதையோ பார்ப்பது போல மூச்சு வாங்குகிறார். அதனால் அவள் கணினியில் வீதி வீதியாக நடந்து பார்க்கிறாள். வீட்டிலிருந்து கடற்கரைக்கு, கடற்கரையிலிருந்து மருந்துக்கடைக்கு. எங்கே ஏற்றம், எங்கே நிழல், எங்கே இருப்பதற்கு ஒரு வாங்கு என்று குறித்து வைக்கிறாள். பத்தொன்பது வயது. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, செய்கிறாள். எங்களில் யாரிடமிருந்து இதைப் படித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

போவது கிரேக்கத் தீவான கிரேட்டாவுக்கு. ஒக்டோபரில் ஒரு கிழமை, நாங்கள் மூன்று பேரும். ஜேர்மனிக்கு, இந்த வுப்பர்டாலுக்கு வந்து இருபத்தைந்து வருடங்களில் விடுமுறை என்று நாங்கள் போகப்போகும் முதல் பயணம் இது. பயணம் போகாத ஆட்கள் இல்லை நாங்கள். பாரிஸ், லண்டன், சூரிச் எல்லாம் போயிருக்கிறோம். ஆனால் கல்யாணத்துக்கு, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டுக்கு, செத்த வீட்டுக்கு. காரின் பின்னுக்குக் குளிர்பெட்டியில் இடியப்பமும் சம்பலும், யன்னலோரம் தொங்கும் சேலைகள், போன வீட்டில் நிலத்தில் விரித்த மெத்தைகள். எந்த ஊருக்குப் போனாலும் கதவைத் திறக்க எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். ஹோட்டலில் அறை எடுத்தால் அவருக்கு அவமானம்.

கிரேட்டாவில் கதவு திறக்க ஒருவரும் இல்லை. அந்த வீட்டுத் திறப்புக்கூட வாசலில் இலக்கம் போட்ட சின்னப் பெட்டிக்குள் இருக்குமாம். அதைக் கேட்ட நாளில் இருந்து எனக்குச் சரியாக நித்திரை இல்லை.

அதற்குக் காரணம் பெப்ரவரி மாதம். ஒரு சனிக்கிழமை காலை என் கணவர் கடையிலிருந்து வந்து, பைகளைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தார். முகம் வேர்த்துக் கொட்டியது. நான் தொலைபேசியை எடுத்து என் அண்ணைக்கு அடித்தேன்.

அண்ணை எங்கள் நகரத்துத் தொங்கு ரயிலில் மூன்று தரிப்பிடம் தள்ளி இருக்கிறார். எங்களுக்கு முன்னமே இந்த நாட்டுக்கு வந்தவர். விசாக் கடிதம் வந்தாலும், பள்ளிக்கூடத்து அன்ட்ராக், விண்ணப்பம், நிரப்புவதென்றாலும், ஹீற்றர் வேலை செய்யாவிட்டாலும் முதலில் அண்ணைக்குத்தான். என் கை வேறு இலக்கத்துக்குப் பழகியிருக்கவில்லை. "பதறாதை, நான் வாறன்" என்றார் அண்ணை. என்ன செய்கிறது, எங்கே நோகிறது என்று கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் கணவர் சரிந்துவிட்டார்.

மகள் குளியலறையிலிருந்து தலையில் ஷாம்பூ நுரையோடு ஓடி வந்தாள். என் கையிலிருந்து போனைப் பறித்தாள். அண்ணையின் குரலை வெட்டிவிட்டு அவசர இலக்கம் 112க்கு அடித்து, போனை நிலத்தில் வைத்துப் பேசிக்கொண்டே, கார் லைசென்சுக்குக் கட்டாயமான முதலுதவி வகுப்பில் படித்த மாதிரியே அவருடைய நெஞ்சை அமத்தத் தொடங்கினாள். நுரை அவருடைய சேட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

நேரத்துக்குச் செய்ததால்தான் தப்பினார் என்று டொக்டர் சொன்னார். டொக்டர் பாராட்டியது மகளை. என் போனில் அன்றைய அழைப்புகளின் வரிசை இன்னும் இருக்கிறது. அண்ணை, நான்கு நிமிடம். நான் அதை அழிக்கவில்லை. மகள் அதைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு உடம்பைத் தேற்ற அனுப்பிய ரேஹாவில் இருந்து திரும்பியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சூடான கடலிலை ஒருக்கா இறங்கி நிக்கவேணும். வடகடல் குளிர் எனக்கு ஏலாது." இருபத்தைந்து வருடத்தில் தனக்கென்று அவர் கேட்ட எதுவும் என் நினைவில் இல்லை. இருதய டொக்டரைச் சந்திக்க டெர்மின் எடுத்து, பறக்கலாமா, நீந்தலாமா என்று மகள் கேட்டு வந்தாள். டொக்டர் ஓம் என்றார். ஓம் சொல்லாமல் இருந்தது நான் மட்டும்தான்.

அவர்கள் இருவருக்கும் தெரியாமல், பாரிஸில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு அடித்தேன்.

"மச்சாள், கிரேட்டாவிலை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒரு தமிழ்ச்சனமும் இல்லாத இடத்துக்கு ஏனப்பா போறியள்? கடல் பாக்கவோ? நாங்கள் காணாத கடலோ? பொறும், விசாரிச்சுச் சொல்லுறன்."

மச்சாள் விசாரித்தால் விசாரித்ததுதான். மூன்றாம் நாள் பின்னேரம், மகள் மேசையில் இருந்து முன்பதிவுப் பக்கத்தில் எங்கள் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததை நான் மறந்துபோனேன்.

"ஆள் அம்பிட்டிட்டுது! இவரின்ரை தம்பியின்ரை மனிசியின்ரை சித்தப்பாவின்ரை மகன் சைப்பிரசிலை இருக்கிறான். அதுவும் தீவுதானே. கிரேட்டாவை விட்டிட்டு அங்கை புக் பண்ணச் சொல்லும் பிள்ளையை. நாங்களும் வாறம். எல்லாமா ஒன்பது பேர். நான் புட்டு அவிச்சுக்கொண்டு வாறன்."

அவர் சோபாவில் இருந்தபடி சொன்னார். "அக்கா, நான் கடல்தான் கேட்டனான். மாநாடு கேக்கேல்லை."

"நீ வாயை மூடு, வருத்தக்காரன்!" என்று சிரித்துவிட்டு மச்சாள் வைத்துவிட்டார்.

மகள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கணினியை மெல்ல மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அங்கை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"கொப்பாவுக்கு ஏதும் நடந்தா அவருக்கு அடிப்பன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. குசினி நிலமும் நுரையும் அந்த நான்கு நிமிடமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். ஆனாலும் அதை எடுத்து என் முகத்தில் எறியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கிரேட்டாவிலையும் 112 தான் அம்மா. அதே நம்பர். அங்கை அடிக்கிறதுக்கு உங்களுக்கு வேறை ஒருத்தரும் இல்லை. அது நல்லதுதானே?"

ஒரு மாதமாக நான் பயந்துகொண்டிருந்த விஷயத்தை அவள் அப்படியே திருப்பி வைத்துவிட்டாள்.

"எனக்குக் கிரேக்கம் தெரியாதே."

"இங்கிலிஷிலை சொல்லலாம். நீங்கள் படிச்ச ஆள்தானே. வாங்கோ, பழகுவம்."

அன்றே தரைத்தளத்தில் ஒரு வீட்டைப் பதிவு செய்தோம். அடுத்த நாள் மச்சாளுக்கு நானே அடித்து, இந்த முறை தனியாகப் போகிறோம் என்றேன். "அப்ப நாங்கள் வேண்டாத ஆக்களாக்கும்" என்று வைத்தவர் இன்னும் பேசவில்லை. தீபாவளிக்குப் பேசுவார்.

சனிக்கிழமை காலை ஒத்திகை. கம்பளத்தில் அவர் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார். மகள் குளியலறைக்குள் போய் அவசர சேவைக்காரியாக அங்கிருந்து பேசினாள். நான் போனைக் காதில் வைத்தேன். முதல் தடவை வீட்டு விலாசம் மறந்தது. இரண்டாம் தடவை வீதியின் பெயர் வாயில் சிக்கியது.

"இஞ்சாரும், நான் எவ்வளவு நேரம் செத்துக் கிடக்கிறது?"

"கதையாமல் கிடவுங்கோ!"

மூன்றாம் தடவை எல்லாம் வந்தது. யாருக்கு, என்ன, எங்கே, எத்தனையாம் இலக்க வீடு. என் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. மகள் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சரி, அம்புலன்ஸ் வெளிக்கிட்டிட்டுது. நீங்கள் அப்பாவின்ரை நெஞ்சிலை கை வைச்சிட்டீங்கள். அவையும் வந்திட்டினம். இப்ப என்ன செய்வீங்கள்?"

நான் யோசித்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அண்ணைக்கு அடிப்பன்."

"ஓம் அம்மா," என்றாள். "இப்ப அடிக்கலாம்."