லைன் வீட்டுக்கு ஒரு சப்வூஃபர்

ஹோம் தியேட்டர் மாட்டுறவனுக்குக் காது நல்லா இருந்தாப் போதும்னு ஊர்ல நெனைக்கிறாங்க. பாதி வேலை கால்ல, மீதி வேலை பொறுமையில, அந்தப் பொறுமைதான் எனக்குப் பொறந்ததுலேர்ந்தே கிடையாது.

பதினோரு வருஷம் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்துல விடிகாலை ரயில் ஏறி, பெங்களூர்ல ஒரு ஆடியோ ஷோரூம்ல நின்னு, சாயந்தரம் ரயில்லயும் நின்னுகிட்டே வந்தவன் நான். பங்காருப்பேட்டையில எவன் எறங்குவான், எந்த சீட்டு காலியாகும்னு பாத்துகினே வந்தவங்களுக்கு நான் விளக்கணுமா இன்னா! ஒரு நாள் முதலாளிகிட்ட, ஊர்லயே சொந்தமா மாட்டித் தரப் போறேன்னு சொல்லிட்டேன். "மூணு மாசம் உன் எடத்துக்கு ஆள் எடுக்க மாட்டேன், முடியலன்னா வந்துடு"ன்னாரு. நல்ல மனுஷன். ஆனா அன்னிக்கிலேர்ந்து காலண்டரைப் பாக்காம எனக்குச் சோறு எறங்கல. மூணு மாசத்துல பேர் எடுக்கணும், இல்லன்னா மறுபடியும் அதே ரயில்.

டீச்சரம்மா படிச்ச சின்ன எழுத்து

மொதல் கிராக்கி ஊரிகத்துல ஒரு டீச்சரம்மா. ரிசீவர்தான் செட்டுக்கே தலை, டிவியோட சத்தத்தை வாங்கி அஞ்சு ஸ்பீக்கருக்கும், இடி மாதிரி கனத்த சத்தத்துக்குன்னே இருக்குற சப்வூஃபருக்கும் பிரிச்சு அனுப்புற பொட்டி அதுதான்னு ஷோரூம்ல ஒப்பிச்ச பாட்டை மூச்சு விடாம ஒப்பிச்சேன். அட்டையில பெருசா போட்டிருந்த வாட்ஸைக் காட்டினேன். அவங்க கண்ணாடியை மாட்டிகினு, அதுக்குக் கீழ சின்னதா இருந்ததைப் படிச்சாங்க. 'ரெண்டு ஸ்பீக்கர் ஓடும்போது'ன்னு போட்டிருந்தான் பாவி. பதினோரு வருஷத்துல ஒரு பெங்களூர்க்காரன் கூட அதைப் படிச்சதில்ல.

"அது சும்மா கம்பெனிக்காரன் போடுறதும்மா"ன்னு மழுப்பினேன். டீச்சர்கிட்ட மழுப்பலாமா? கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்தாங்க.

"எங்கப்பா சுரங்கத்துல கூண்டு எறக்குற இன்ஜினை ஓட்டினவரு, ரெண்டு பேரை ஏத்திப் பாத்துட்டு அம்பது பேரை எறக்க மாட்டாரு, அஞ்சு பொட்டியும் சேந்து பாடும்போது எவ்ளோ, அதைக் கேட்டுகினு வாங்க."

சுவத்துக்கு அந்தப் பக்கம்

அடுத்தது பாஸ்கர், ரயில்ல கூட நின்னவன். அவன் இருக்குறது சுரங்கத் தொழிலாளிங்களுக்கு வரிசையா ஒட்டிக் கட்டின லைன் வீடு, அது ஹாலுல ரெண்டு கையை விரிச்சா ரெண்டு சுவத்தையும் தொடலாம். அதுல ஏழு ஸ்பீக்கர் வேணும்னான். கெஞ்சி, கத்தி, அஞ்சுக்குக் கொண்டாந்தேன். சோபாவுக்குப் பின்னாடி எடமே இல்ல, அதனால பின் ஸ்பீக்கர் ரெண்டையும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவத்துலயே அடிச்சேன். லைன் வீட்டுச் சுவரு எவ்ளோ கெட்டின்னு உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுல தாளிச்சா இந்த வீட்டுல தும்மணும்.

மூணாம் நாளு பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா என் வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. செத்தோம்டான்னு நெனைச்சேன். மழை, குதிரை, காக்கா மாதிரி சில்லறைச் சத்தம்தான் பின் ஸ்பீக்கருக்குப் போவும், பேச்சு எல்லாம் டிவிக்குக் கீழ இருக்குற நடு ஸ்பீக்கருக்குத்தான்.

"மூணு நாளா எங்க வீட்டுல மழை பேயுது, குதிரை ஓடுது, எவன் எவளைக் கட்டிகினான்னு மட்டும் கேக்க மாட்டேங்குது, அந்தப் பேசுற பொட்டியையும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வெய்யேன்பா."

மூலை

ரெண்டரை மாசம் போச்சு, டீச்சரம்மாவையும் சேத்து ரெண்டே ரெண்டு வீடு. எனக்கு உக்காந்தா எழுந்துக்கணும், எழுந்தா நடக்கணும். வீட்டுல இருந்த ஒரே சப்வூஃபரைக் கதவோரம், கட்டிலோரம், மூலைன்னு மாத்தி மாத்தி வெச்சேன். என் சம்சாரம் மல்லிகா ஒரு வாரம் பொறுத்துகினா. அப்புறம் துடைப்பத்தைக் கீழ வெச்சுட்டுச் சொன்னா:

"மூலையில வெச்சா அதுக்குச் சத்தம் கூடும்ங்கறியே, உன்னை ஒரு மூலையில வெச்சா உனக்குக் கொறையுதான்னு பாக்கலாமா?"

எந்த ஷாஃப்ட்டு

கடைசி வாரத்துல மாரிகுப்பத்துலயே ஒரு ஆர்டர் வந்துச்சு, பெங்களூர்ல வேலை பாக்குற பையன். அதே லைன்ல இன்னும் நாலு வீடு, "அவன் வீட்டுல நல்லா இருந்தா எங்களுக்கும் போடு"ன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. அவன் பன்னெண்டு இஞ்சு சப்வூஃபர் கேட்டான். அந்த ரூமுக்கு எட்டே அதிகம். தெரிஞ்சும் தலையாட்டினேன். பேர் எடுக்கணுமே!

ஞாயித்துக்கிழமை மத்தியானம். மூலையில வெச்சு, டெஸ்ட்டுக்கு ஒரே ஒரு இடி விட்டேன். தரை அதிர்ந்துச்சு, அலமாரியில பாத்திரம் ஆடுச்சு. பையன் விசில் அடிச்சான். எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம் வெளிய காலடிச் சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன்.

லைன் மொத்தமும் தெருவுல நிக்குது. திட்டறதுக்கு யாரும் வரல. பெரியவங்க எல்லாம் மூடின சுரங்கம் இருக்குற பக்கமே பாத்துகினு நிக்கிறாங்க. ஒருத்தங்க கையில சோத்துப் பருக்கை கூட காயல. அப்பதான் எனக்கு உறைச்சுது. ஆளுங்க எறங்குற ஷாஃப்ட்டுக் குழிக்கு அடியில பாறை வெடிச்சா அதை ஏர் பிளாஸ்ட்டும்பாங்க. மேல வீடு இப்படித்தான் ஆடும், பொம்பளைங்க இப்படித்தான் ஓடி வந்து, எந்த ஷாஃப்ட்டு, யாரு ஷிப்டுன்னு சேதி வர்ற வரைக்கும் நிப்பாங்க. எங்கம்மாவும் என்னை இடுப்புல தூக்கிகினு நின்னவங்கதான். சுரங்கம் மூடி இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் மறந்துட்டேன், அவங்க உடம்பு மறக்கல. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

குப்பம்மா அத்த என் கிட்ட வந்தாங்க. அவங்க வீட்டுக்காரரு ஒரு ஏர் பிளாஸ்ட்டுலதான் போனாரு. "எந்த ஷாஃப்ட்டுப்பா?"ன்னாங்க. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிகினு போயி பொட்டியைக் காட்டினேன். "தப்புதான் அத்த, இப்பவே எடுத்துகினு போயிடறேன்"னு வயரைப் பிடுங்கினேன். நாலு வீடும் போச்சு, திங்கக்கிழமை ரயில்தான்னு மனசுல முடிவும் பண்ணிட்டேன். அத்த குனிஞ்சு அது மேல உள்ளங்கையை வெச்சுப் பாத்தாங்க.

"உள்ள ஆளுங்க யாரும் இல்லியே? அப்ப இன்னாத்துக்குப்பா எடுத்துகினு போற, மெதுவா போடு, நானும் பாக்கறேன்."

பன்னெண்டு இஞ்சை மாத்தி எட்டு வெச்சு, அந்த நாலு வீட்டுக்கும் மாட்டி, முதலாளிக்கும் வரலைன்னு சொல்லியாச்சு, ஆனா ரயில்ல ஓயாத காலு இங்கயும் ஓயல, ஏன்னா ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னாடி மொத வீட்டுலேர்ந்து கடைசி வீடு வரைக்கும் கதவைத் தட்டி "ஷாஃப்ட்டு இல்லக்கா, பொட்டிதான்"னு சொல்லிட்டு வந்தாத்தான் எனக்கு சுவிட்சு மேல கையே போவுது.