குடிலில் ஒரு ஆடு குறைந்தது

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்த என் மாமனார், குடிலின் முன் குனிந்து, "ஏம்மா, ஒரு ஆட்டைக் காணோமே" என்றார்.

பாபநாசத்தில் எங்கள் வீட்டுக் குடில் முழுக்க அவர் கைவேலை. வைக்கோல் கூரை, தட்டில் முளைக்க வைத்த நெல், இடையர்கள், கால் மடக்கிப் படுத்த மூன்று குட்டி மண் ஆடுகள். இப்போது இரண்டுதான் இருந்தன. பக்கத்தில், மூக்கில் வைக்கோலோடு, எங்கள் மூன்று மாத நாய்க்குட்டி உட்கார்ந்து வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.

"உப்புத் தண்ணி ஊத்தும்மா, கக்கிடும்" என்று மாமா சமையலறைக்கு ஓடினார். அதற்குள் என் கணவர் தஞ்சாவூர் கால்நடை டாக்டரம்மாவைப் போனில் பிடித்துவிட்டார்.

"உப்புத் தண்ணி, எண்ணெய் எதுவும் குடுக்காதீங்க. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. சாப்பாடும் வேண்டாம். என்ன முழுங்குச்சு?"

"ஆடுங்க" என்றார் கணவர்.

"முழு ஆடா?" என்றார் டாக்டரம்மா.

"மண் ஆடு டாக்டர்! குடில் ஆடு!" என்று நான் கத்தினேன்.

"அதே மாதிரி இன்னொன்னு இருந்தா எடுத்துட்டு ஒடனே வாங்க."

குட்டியை ஒயர் கூடையில் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஆட்டைக் கைக்குட்டையில் முடிந்து, நானும் கணவரும் பைக்கில் கிளம்பினோம். பாதி வழியில் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ் எங்களை முந்தியது. ஜன்னலில் ஒரு கை ஆடியது. மாமா! அந்தக் கையில் மிச்சமிருந்த இன்னொரு ஆடு.

எக்ஸ்ரேயில் குட்டியின் வயிற்றுக்குள் ஆடு நிம்மதியாகப் படுத்திருந்தது. டாக்டரம்மா எங்கள் ஆட்டை விரலால் தடவிப் பார்த்தார். "கூர்மை இல்லை. சின்னதுதான், தானா வந்துடும். ரெண்டு நாள் வெளிக்கிப் போறதை எல்லாம் கவனிங்க. வாந்தி எடுத்தாலோ, சாப்பிடலைன்னாலோ, வயிறு உப்புனாலோ அப்பவே தூக்கிட்டு வாங்க" என்றார்.

அதன்பின் குட்டி எங்கே போனாலும் குச்சியோடு மூன்று பேர் பின்னால் போனோம். அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து வாய்க்கால் கரையில் காது பறக்க ஓடியது. நாங்களும் ஓடினோம். செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வயல்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்னங்க தேடுறீங்க?" என்றார்.

"ஆட்டை" என்றார் மாமா.

"அய்யய்யோ, கதிர் வர்ற நேரம், என் வயல்ல எறங்கிடப் போவுது!" அவரும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு சம்பாப் பயிருக்குள் எட்டிப் பார்த்தபடி வரப்பில் நடந்தார். அவருக்கு விளக்க வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் குட்டி ஓரமாக உட்கார்ந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு!" மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். வயல்காரர் கம்போடு ஓடிவந்தார். "எங்கங்க ஆடு?"

மாமா குச்சியால் காட்டினார். அவர் குனிந்தார். உற்றுப் பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

அன்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக அரை மணி நேரம் தாமதம். தலைமை ஆசிரியை காரணம் கேட்டார். மூன்று முறை ஆரம்பித்தேன். மூன்று முறையும் பாதியில் சிரித்துவிட்டேன். "மொதல்ல தண்ணி குடிங்க டீச்சர்" என்றார்.