ஐந்துக்கு மூன்று

குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு என்று ஒரு ஜன்னல் இருந்தது. அதற்குப் பின்னால், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஒரே ஆள்தான் உட்கார்ந்திருந்தார். பதவி உயர்வு வந்தபோதும் இடம் மாறவில்லை, நாற்காலிக்கு ஒரு மெத்தை மட்டும் புதிதாக வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது, புகார் சார் என்றால் தெரியும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பவர்களும், அழுகிறவர்களும், கலங்கல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து "எங்க, நீங்க ஒரு மடக்கு குடிங்க பாப்போம்" என்று மேஜையில் வைப்பவர்களும் அவரிடம்தான் வருவார்கள். எல்லோரிடமும் அவர் முதலில் சொல்வது, "உக்காருங்க. கொஞ்சம் மூச்சு வாங்கிக்குங்க."

இப்படி ஊரார் குறையைக் கேட்டுக் கேட்டே தன் குறையைச் சொல்லும் வழக்கம் அவரை விட்டுப் போய்விட்டது. குழம்பில் உப்பு இல்லையென்றால் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். பிறகு மனைவி சாப்பிட உட்காரும்போதுதான் விஷயம் தெரியும். "சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று அவள் கேட்பாள். அவள் இறந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவும் வீட்டில் ஆள் இல்லை.

ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கையிலிருந்த பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தவரும் கூடவே விழுந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வலது கையும் காலும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு குழறியது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது பாதி வழியில் எங்கோ மாட்டிக்கொள்ளும்.

ஒரே மகள். இங்கே விடியும்போது படுக்கப்போகிற நாட்டில் இருக்கிறாள். விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். லீவு தீர்வதற்குள், வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தாக வேண்டும். அவள் லேசில் விடுகிறவள் இல்லை. ஆட்களை நன்றாக விசாரித்துத்தான் சேர்க்கிறீர்களா, ஒருவர் வராத நாளில் வேறு ஆள் உண்டா, நர்ஸ் யாராவது வந்து மேற்பார்வை பார்ப்பாரா, படுக்கைப் புண் வந்தால் யார் பொறுப்பு என்று அவள் கேட்ட கேள்விகளில் இரண்டு மேலாளர்களுக்கு வேர்த்துவிட்டது. மூன்றாவது ஆள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். வாரா வாரம் சனிக்கிழமை போன் செய்து அப்பாவிடம் மார்க் கேட்போம், அதை அப்படியே உங்களுக்கு அனுப்பிவிடுவோம் என்றார். மகளுக்கு அது பிடித்துப்போயிற்று. போகும்போது வாசலில் நின்று, "குறை இருந்தா மறைக்காம சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் வந்த பையனுக்கு எந்நேரமும் காதில் இயர்போன். வேலையில் குற்றம் சொல்ல முடியாது. உடம்பு துடைப்பான், மாத்திரை தருவான், புரட்டிப் படுக்கவைப்பான், எல்லாம் தன் காதுக்குள் ஓடும் பாட்டின் தாளத்தில். புகார் சார் குழறி ஏதாவது சொன்னால் ஒரு காதை மட்டும் விடுவித்து "ஆங்?" என்பான். இன்னொரு தடவை அத்தனை பாடுபட வேண்டுமே என்று அலுத்துப்போய் "ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஒரு சொல் மட்டும் அவருக்குக் குழறாமல் வந்தது.

அவன் வேறு வேலைக்குப் போனதும் இரண்டாவதாக ஒருவர் வந்தார். கெட்டிக்காரர். கையைப் பிடித்து ஜன்னல் வரை நடக்கவைத்தார். சனிக்கிழமை போன் வந்ததும் சார் சந்தோஷமாக ஐந்துக்கு ஐந்து போட்டார். திங்கட்கிழமை ஆளைக் காணோம். மேலாளரிடம் கேட்டதற்கு, "நீங்களே அஞ்சு குடுத்துட்டீங்க. அவ்வளவு நல்ல ஆளை இந்த மாதிரி லேசான கேஸ்ல வெச்சிருக்க முடியுமா சார்? பெரிய இடத்துல கேட்டாங்க, அனுப்பிட்டோம்" என்றார்.

சாருக்குச் சட்டென்று புரிந்தது. அவர் அலுவலகத்திலும் இதே கதைதான். பெரிய புகார் வந்தால் குழாய் ஃபிட்டரைத் தூக்கிவிடுவார்கள். பாராட்டு வந்தால் மேலதிகாரி தன் வீட்டுப் பக்கம் இழுத்துக்கொள்வார். சும்மா முணுமுணுப்பாக வருகிற புகார்தான் கிணற்றில் போட்ட கல், அதை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆக, ஒரு ஆள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமானால் அவன்மேல் சின்னதாக ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவதாக வந்தவர் வாசலையே அடைக்கிற உடம்போடு வந்தார். நாற்பது தாண்டிய வயது, முன்பு ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். நிறுவனத்தில் அவரை ஜம்போ என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளியை சார் என்றுதான் அழைக்க வேண்டும் என்பது விதி. ஜம்போ அரை நாள் சார் என்றார், மத்தியானத்துக்கு மேல் பெரியப்பா ஆக்கிவிட்டார். அவர் கை பட்டு டம்ளர் விழும். சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போடுவார். சாப்பிட்டதும் நாற்காலியிலேயே குறட்டை. நியாயமாகப் பார்த்தால் மூன்று மார்க்கே தாராளம்தான்.

ஆனால் பெரியப்பாவின் பழைய வேலையைக் கேள்விப்பட்டதும் ஜம்போ ஒரு காரியம் செய்தார். கட்டிலுக்கு எதிரே போய் நின்று, ஜன்னலுக்குள் தலையை நீட்டுகிற மாதிரி கழுத்தை நீட்டி, "சார், எங்க வீட்டுக் குழாயில தண்ணி வரல. காத்துதான் வருது" என்றார்.

புகார் சாரின் வாய் கோணிக்கோணித் திறந்தது. வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. நடுவில் ஒன்று மாட்டிக்கொண்டது. ஜம்போ உதவிக்கு வரவில்லை. கழுத்தை நீட்டியபடியே நின்றார், அவசரமே இல்லாமல்.

"காத்துக்கு... பில்லு... போடலையே. சந்தோஷப்படுங்க."

ஜம்போ சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக் கதவு திறந்து மூடியது. சார் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை ஒருவர் காத்திருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை வலி என்று நினைத்து ஜம்போ தோளை நீவிவிட்டார்.

அதன் பிறகு தினம் ஒரு புகார். மேல்மாடிக்காரன் மோட்டார் போட்டு எல்லாத் தண்ணீரையும் உறிஞ்சுகிறான். பக்கத்து வீட்டுக்காரி எங்கள் மீட்டரையே முறைத்துப் பார்க்கிறாள், அன்றிலிருந்துதான் பில் ஏறுகிறது. ஒவ்வொன்றுக்கும் சார் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லச் சொல்ல நாக்கு பழகியது. ஜம்போவுக்கும் இது வேலையாக இல்லை. "எங்க ரூம்ல ஆறு பேரு பெரியப்பா. எந்நேரமும் ரெண்டு பேரு தூங்கிட்டிருப்பான். வாயைத் திறந்தா செருப்பு பறக்கும்" என்று ஒருமுறை சொன்னார்.

சனிக்கிழமை போன் வரும். பேசுகிற பெண்ணுக்குத் தேன் போன்ற குரல். "இந்த வாரம் அஞ்சுக்கு எவ்வளவு சார்?"

"மூணு."

"என்ன குறை சார்?"

"பொத்தானை மாத்திப் போடுறாரு."

அடுத்த வாரம், ஜன்னலை மூட மறந்துவிட்டார். அதற்கடுத்த வாரம், சத்தமாகப் பேசுகிறார். வேலை போகிற அளவுக்குப் பெரிதாகவும் இல்லை, ஆளைத் தூக்குகிற அளவுக்கு நல்லதாகவும் இல்லை. அளந்து அளந்து செய்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர் புகாரைக் கேட்டவருக்கு இப்போது தானே ஒன்றைத் தயாரிப்பதில் கொஞ்சம் பெருமைகூட. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். அந்த மூன்று மார்க் போய்ச் சேர்ந்த இடம் அலுவலகம் இல்லை, மகள். அவள் கிணற்றில் போடுகிறவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாள். "அப்பா, அந்தக் கம்பெனியை நிறுத்திட்டேன். வேற நல்ல இடம் பாத்தாச்சு. இந்த வாரக் கடைசியில மாறுது."

"வேணாம்மா. இவரே... இருக்கட்டும்."

"உப்பில்லாத சாப்பாட்டையே பேசாம சாப்பிடுற ஆளு நீங்க. நீங்களே வாராவாரம் ஒரு குறை சொல்றீங்கன்னா அங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா? இதுல நீங்க கோவப்பட்டுத் தட்டை வீசுறீங்கன்னு வேற அவரு எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க தட்டை வீசுவீங்களா?"

சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டு எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதற்குள் பேத்தி பாட்டு வகுப்புக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. போன் வைக்கப்பட்டது.

கடைசி நாள் ஜம்போ புகார் எதுவும் கொண்டுவரவில்லை. முகத்தில் சோப்பு நுரையைத் தடவி, ஒரு கீறல் படாமல் மழித்தார். அன்று பொத்தான்கள்கூட சரியான ஓட்டையில் விழுந்தன. பிறகு துண்டை மடித்துக்கொண்டே கேட்டார். "மேனேஜர் மார்க்கெல்லாம் காட்டினாரு. நான் அவ்வளவு மோசமாவா பாத்துக்கிட்டேன் பெரியப்பா?"

சார் சொன்னார். ஐந்து கொடுத்ததால் போனவரைப் பற்றி, ஃபிட்டரைப் பற்றி, முணுமுணுப்பைப் பற்றி. சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது. ஜம்போ வழக்கம்போலக் காத்திருந்தார். கேட்டு முடித்ததும் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அட பெரியப்பா. எங்ககிட்டயும்தான் அவங்க கேப்பாங்க, பேஷன்ட் எப்படின்னு. லிஃப்ட் உள்ள வீடு, வம்பில்லாத மனுசன்னு தெரிஞ்சா மேனேஜரோட மச்சான் இந்த வேலையில வந்து ஒட்டிக்குவான். அதான் நான், 'மகா கோவக்காரரு, தட்டை வீசுவாரு, என்னைத் தவிர எவனாலயும் சமாளிக்க முடியாது'ன்னு சொல்லிவெச்சேன்."

இருவரும் சிரித்தார்கள். வயிறு வலிக்கும்வரை சிரித்தார்கள். பிறகு, இருவர் சொன்னதும் சேர்ந்து என்ன செய்திருக்கிறது என்று புரிந்து நிறுத்தினார்கள்.

"போனை... போடு" என்றார் சார். ஜம்போ மகளின் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்தி அவர் நெஞ்சின்மேல் வைத்தார்.

"அம்மாடி, நான் சொன்னது... பொய். அவரு சொன்னதும் பொய். தம்பி... நல்லவரு."

மறுமுனையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு மகள் கேட்டாள். "அவரு பக்கத்துல நிக்கிறாராப்பா? அவருதான் இப்படிச் சொல்லச் சொல்றாரா? பயப்படாதீங்க. ஆமான்னா, சரின்னு மட்டும் சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கிறேன்."

ஜம்போ துண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அவ்வளவு பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் நகர்ந்தது அன்றைக்குத்தான். போனில் மகள் அழ ஆரம்பித்திருந்தாள். "நான் அங்க இல்லாததாலதானேப்பா இதெல்லாம்."

கதை சொல்கிற எனக்கு இந்த மனிதர்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். எனக்குப் பேச ஆள் வேண்டும், நாள் முழுக்கத் தனியாகக் கிடக்கிறேன், இவன் ஒருவன்தான் நான் சொல்வதைக் காத்திருந்து கேட்கிறான் என்று அன்றைக்காவது வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரைக்கும் வந்ததுதான். ஆனால் அவள் இன்னும் அழுவாள். வேலையைப் போட்டுவிட்டு விமானம் ஏறுவாள். ஊரையெல்லாம் சமாதானம் செய்து பழகியவருக்குத் தன் மகள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். "நீ பாத்த இடமே... நல்ல இடம்தான்."

ஜம்போ கிளம்பும்போது லீவு கிடைத்தால் வருவதாகச் சொன்னார். பழைய நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் விதி, அது இருவருக்கும் தெரியும். ஒரே ஒருமுறை போன் செய்தார். தான் இப்போது பார்த்துக்கொள்ளும் நோயாளி தூங்குகிறார் என்று கிசுகிசுத்தார். அந்தக் குரலை அப்படித் தணிந்து கேட்க சாருக்கு என்னவோபோல் இருந்தது.

புதிய நிறுவனத்தில் மகள் கேட்ட அத்தனையும் இருந்தது. நர்ஸ் வந்து பார்த்தார். வந்த ஆள் சுத்தம், பணிவு, இயர்போன் கிடையாது. சார் வாயைத் திறந்தால் போதும், "தண்ணியா சார்? பாத்ரூமா சார்? ஃபேனைக் கூட்டணுமா சார்?" என்று வாக்கியத்தை அவரே முடித்துவைப்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சார் தலையாட்டினால் போதும். இரண்டு மாதத்தில் அவருக்குப் பேசவேண்டிய தேவை ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

ஒருநாள் மட்டும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரமப்பட்டு, "தம்பி... ஒரு புகார்... சொல்லுங்க" என்றார்.

அந்த மனிதரின் முகம் வெளுத்துவிட்டது. "என்மேல ஏதாவது புகாரா சார்? நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணுமில்ல."

அந்தச் சனிக்கிழமை போன் வந்தது. இங்கேயும் தேன் போன்ற குரல்தான். அஞ்சுக்கு எவ்வளவு சார் என்று கேட்டது. புகார் சார் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பொத்தான்கள் எல்லாம் அதனதன் ஓட்டையில் இருந்தன. ஜன்னல் மூடியிருந்தது. இந்த ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் எந்தப் பெரிய இடத்தில் வைத்தாலும் அவருக்கு இப்போது கவலை இல்லை.

"அஞ்சு."

"ரொம்ப நன்றி சார். வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல."

அங்கே பொழுது விடியும் முன்பே அந்த ஐந்து மகளின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுக் கணவனை எழுப்பி, அப்பாவுக்கு ஒருவழியாக நல்ல இடம் அமைந்துவிட்டது என்று சொன்னாள். பிறகு நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.