பச்சையில் வந்த பொய்

1. காலியான கட்டம்

பிற்பகல் மூன்றரை மணி. மீனவர் சங்கத்தின் அலுவலகத்தில் என் மடிக்கணினியை விரித்து, டேட்டாபேஸை நேரடியாகத் திறந்து பார்த்தேன். 'ஆரோக்கியம்' என்ற படகு விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டதாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், வந்த நேரத்தை எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

அந்தப் படகு கரைக்கு வந்துவிட்டது என்று, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்தான் படகுக்காரரின் மனைவியிடம் அடித்துச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். இருபத்திரண்டு வருடமாக புரோகிராம் எழுதுகிறேன். சேர்வர் விழுந்திருக்கிறது, ஒரு தடவை ஒரு கடையின் முழு டேட்டாவையும் அழித்திருக்கிறேன். அப்போதெல்லாம் போனது வெறும் டேட்டாதான். இந்தத் தடவை கடலில் ஆட்கள் இருந்தார்கள்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என்னை நல்லவளாகக் காட்டும் இடம் இதில் எதுவும் இல்லை.

2. ஃபிளாஷ் மெசேஜ்

திருகோணமலைத் துறைமுகப் பக்கமுள்ள அந்தச் சங்கத்துக்கு நான் செய்து கொடுத்தது சின்ன வெப் அப்ளிகேஷன். படகு புறப்படும்போது ஒரு பதிவு, கரை தெரிந்ததும் படகுக்காரர் ஃபோன் எடுத்துச் சொன்னால் இன்னொரு பதிவு. மத்தியானம் பன்னிரண்டுக்குள் வராத படகைத் தேட ஆள் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பதிவு போடுகிறவர் நஃபீலா. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் கிளார்க், கெட்டிக்காரி. ஒருநாள் சங்கத்து மனேஜர் செல்வராசா அண்ணை எனக்கு ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, பட்டனை அமத்தினா அமத்தின மாதிரி ஒண்டும் தெரியுதில்லை. அவ ஒரு படகை மூண்டு தரம் பதியிறா. ஏதாவது காட்டுற மாதிரிச் செய்து தாங்கோ."

நியாயமான கோரிக்கை. ஃபிளாஷ் மெசேஜ் சேர்த்தேன். சேவ் ஆனதும் ஒரு வசனத்தை செஷனில், அதாவது சேர்வர் ஒருவருக்காக வைத்திருக்கும் தற்காலிக நினைவில், போட்டு வைப்பது. அடுத்ததாகத் திறக்கும் பக்கம் அதை எடுத்து ஒரே ஒரு தரம் காட்டிவிட்டு அழித்துவிடும். பச்சைப் பட்டையில் வெள்ளை எழுத்து: 'படகு வந்தது. பதிவு முடிந்தது.' அரை நாள் வேலை. என் அலுவலகத்தில் நாலு தரம் சோதித்தேன், நாலு தரமும் அழகாக வந்தது. அந்தப் பச்சை நிறத்தைத் தெரிவு செய்யத்தான் அதிக நேரம் எடுத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நஃபீலா எப்படி வேலை செய்கிறார் என்று ஒருநாளாவது பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அந்தச் சங்கத்தில் ஆணி அடித்த பலகை ஒன்று இருந்ததாம். கடலுக்குப் போன படகின் தகரத் துண்டை ஆணியில் கொழுவுவார்கள். படகு வந்தால் கழற்றுவார்கள். மத்தியானம் ஆணியில் எது தொங்குகிறதோ அந்தப் படகைத் தேடுவார்கள். நஃபீலா அதே பலகையை பிரவுசரில் வைத்துக்கொண்டார். ஒரு படகுக்கு ஒரு டேப். காலையில் பதினைந்து இருபது டேப் திறந்திருக்கும். பச்சை விழுந்த டேப்பை மூடிவிடுவார். மூடாமல் எது மிஞ்சுகிறதோ அது கடலில் நிற்கிறது. 'வராத படகுகள்' என்று நான் செய்து வைத்த பட்டியலை அவர் ஒருநாளும் திறந்ததில்லை, திறக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆனால் செஷன் ஒன்றுதான். எல்லா டேப்புக்கும் அது பொது. அதோடு, காற்று எச்சரிக்கை உடனுக்குடன் தெரிய வேண்டும் என்று அண்ணை கேட்டதால், ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரிஃப்ரெஷ் ஆகும்படி நானே எழுதியிருந்தேன். ஒரு டேப்பில் பட்டனை அமத்தி, மந்தமான இணைப்பில் அது சுற்றிக்கொண்டிருக்கும்போது வேறொரு டேப் ரிஃப்ரெஷ் ஆனால், செய்தியை அந்த டேப் தூக்கிக்கொண்டு போய்விடும். செய்தியில் நான் படகின் பெயரையும் போடவில்லை.

3. வீட்டை போங்கோ

மெசேஜ் போட்டு மூன்றாம் நாள், எப்படிப் போகிறது என்று பார்க்கச் சங்கத்துக்குப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. டேப் எல்லாம் மூடியிருந்தன. நஃபீலாவுக்கு நல்ல சந்தோஷம்.

"மெடம், இப்ப சரியான லேசு. பச்சையைப் பாத்து மூடிட்டுப் போறதுதான்."

எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தேநீர் வாங்கித் தந்தார்கள், குடித்தேன்.

இரண்டு மணிக்கு றீற்றா அக்கா வந்தார். 'ஆரோக்கியம்' அவருடைய கணவர் அந்தோனியின் படகு. தம்பிக்காரனும் கூடப் போயிருந்தான்.

"இவர் இன்னும் வரேல்லை. ஃபோனும் வேலை செய்யுதில்லை," என்றார்.

"வந்திட்டுது அக்கா. பச்சை காட்டினது, நான்தான் மூடினனான்," என்றார் நஃபீலா.

"படகு கரையில இல்லையே பிள்ளை. நான் பாத்திட்டுத்தான் வாறன்."

அண்ணை கதிரையில் இருந்தபடியே, "காத்துக்கு உப்புவெளிப் பக்கம் கரையில ஏத்தியிருப்பான். அண்டைக்கும் அப்பிடித்தானே செய்தவன்," என்றார்.

றீற்றா அக்கா அசையவில்லை. அப்போது நான் வாயைத் திறந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"அக்கா, இது நான் செய்த சிஸ்டம். பச்சை விழுந்தா ஆள் கரையிலதான். பயப்பிடாமல் வீட்டை போங்கோ."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார். நான் மிச்சத் தேநீரைக் குடித்தேன்.

மூன்றரைக்குத் திரும்பி வந்தார். உப்புவெளிக்கு ஓட்டோ பிடித்துப் போய் வந்திருந்தார். "அங்கயும் இல்லை," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் டேட்டாபேஸைத் திறந்தேன்.

காலியான கட்டத்தை நஃபீலாவுக்குக் காட்டினேன். பத்தரைக்கு ஆறு படகுகள் ஒன்றாக ஃபோன் எடுத்தன என்றும், அதில் ஒன்றான 'கடல்ராணி'க்கு அமத்திவிட்டு அது சுற்றும்போது பக்கத்து டேப்பைப் பார்த்ததாகவும், அதில் பச்சை இருந்ததாகவும் சொன்னார். "இதுக்கும் அமத்திட்டன் போல எண்டு நினைச்சி மூடிட்டன் மெடம்." அந்தப் பக்கத்து டேப் 'ஆரோக்கியம்'. 'கடல்ராணி'யின் டேப்பில் பச்சை வராததால் மறுபடி அமத்தியிருக்கிறார். 'ஏற்கெனவே பதிந்தாயிற்று' என்று மஞ்சளில் வர, அதையும் மூடிவிட்டார். அவர் பக்கம் ஒரு பிழையும் இல்லை. டேட்டாபேஸிலும் ஒரு பிழையும் இல்லை. நான் எழுதிய ஒரு வசனம் வேறு படகின் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது. இப்படியும் ஒரு மனிதன் கடலில் தொலைய முடியும்.

அண்ணை ஏற்கெனவே ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். கடற்படைக்கும் சொன்னார்கள். சங்கத்துப் படகுகள் மூன்று இறங்கின. றீற்றா அக்கா வாசலிலேயே நின்றார். நான் அவர் பக்கம் போகவில்லை. போகப் பயமாக இருந்தது.

பொழுதுபட முன் கண்டுபிடித்துவிட்டார்கள். தண்ணீருக்குள் சுற்றும் எஞ்சின் விசிறியில் வலை சுற்றியிருக்கிறது. அதை எடுக்கப் போன அந்தோனி அண்ணனின் இடது கையில் விசிறி வெட்டிவிட்டது. படகில் இருந்த ஒரே கைபேசியும் தண்ணீருக்குள் போய்விட்டது. காலை ஒன்பது மணியிலிருந்து உடுத்திருந்த சாரத்தைக் கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டு காற்றோடு போயிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. மத்தியானமே கொண்டு வந்திருந்தால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம்.

4. வார்டில்

அடுத்த நாள் புரோகிராமைத் திருத்தினேன். செய்தியை செஷனில் வைப்பதை விட்டேன். அந்தந்தப் படகின் பதிவிலிருந்தே அந்தந்தப் பக்கம் நிலைமையை வாசிக்கும். படகின் பெயரும் நேரமும் பெரிய எழுத்தில் நிற்கும், தானாக மறையாது. பன்னிரண்டு மணிக்கு வராத படகுகளின் பட்டியல் கேட்காமலே திரையை மறைத்துக்கொண்டு வரும். இதையெல்லாம் செய்ய ஒரு நாள்தான் எடுத்தது. அதுதான் இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தோனி அண்ணன் கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். நடந்ததை விளங்கப்படுத்தினேன். செஷன், டேப், ரிஃப்ரெஷ் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர்தானே தங்கச்சி, பிழை விடும். எஞ்சினும் பிழை விடுது," என்றார்.

றீற்றா அக்கா கட்டில் ஓரத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"கம்ப்யூட்டர் என்னோட ஒண்டும் கதைக்கேல்லை. படகு இல்லையெண்டு நான் கண்ணால பாத்திட்டு வந்து சொன்னனான். நீங்கள்தான் வீட்டை போகச் சொன்னனீங்கள்."

"ஓம் அக்கா," என்றேன்.

உரித்த பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கணவரின் வாயில் வைத்தார். அந்தோனி அண்ணனின் வலது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அக்கா ஊட்டிக்கொண்டே இருந்தார். பழம் முடியும்வரை நான் அங்கேயே நின்றேன்.