டோரீனின் இருபது மீட்டர்

டோரீன் ஹெப்வொர்த்துக்கு அந்தக் கோடையில் நாற்பத்து மூன்று வண்டிகளின் நம்பர் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வாள். ஆனால் தன் தேநீரில் ஈ விழுந்திருந்தால் அது அவளுக்குத் தெரியாது.

மார்ச் மாதமே கண் டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை அழிந்துகொண்டு வருகிறது. ஓரமெல்லாம் தெரியும். எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் சாம்பல் அப்பியதுபோல் மறைந்துவிடும். "இனி வண்டி எடுக்காதீங்க. லைசென்ஸ் ஆபீசுக்கு நீங்களே எழுதிப் போட்டுடுங்க" என்றார். எங்கள் இங்கிலாந்துச் சட்டம் அப்படி. கண் போனவரேதான் கண் போன சேதியை எழுதி அனுப்ப வேண்டும். திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான். டோரீன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அவளைத் திட்டுகிறவர்கள் திட்டலாம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற அந்த கேரவன் வண்டிதான் அவள் வீடு, வேறு கூரை கிடையாது. ஹடர்ஸ்ஃபீல்டில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை முப்பத்தொரு வருடம் துவைத்தவள். ஐம்பத்தெட்டு வயதில் புருஷனை விட்டு விலகி, வீட்டை விற்றதில் வந்த பாதிப் பங்குக்கு இந்த வண்டியை வாங்கினாள். குளிர்காலத்தில் லிங்கன்ஷயரில் ஒரு பண்ணைக் களத்தில் நிறுத்துவாள். மே பிறந்தால் கிளம்பிவிடுவாள். பாட்டுத் திருவிழா நடக்கும் வயல்களில் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு, வருகிற வண்டிகளுக்கு இடம் காட்டுகிற வேலை. அதற்கு ஈடாக நிற்க இடமும் கேட்கப் பாட்டும் இலவசம். நாலு நாள் கழித்து அடுத்த வயல்.

காலையில் கதவைத் திறந்தால் ஒருநாள் ஆப்பிள் தோப்பு, ஒருநாள் ஆட்டுக் கூட்டம். எங்கே போகிறாய் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. இப்படிச் சுற்றிய பதினோரு வருடத்தில்தான் தான் உயிரோடு இருந்ததாக அவள் நினைத்தாள். எந்த வயலிலும் வாரக்கணக்கில் நிற்க விடமாட்டார்கள். ஓடுகிற வரைக்கும்தான் அது வீடு, நின்றுவிட்டால் வெறும் தகரப் பெட்டி. லீட்ஸில் இருக்கும் தங்கை, மாடியில் ஒரு அறை தருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அங்கே போவதற்குச் செத்துப்போகலாம் என்பது டோரீனின் கட்சி.

அதனால் ஓட்டினாள். தெரிந்த சாலைகளில் மட்டும், பொழுது விடியும் நேரத்தில், கோழி பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டினாள். போய்ச் சேர்ந்ததும் ஸ்டியரிங்கிலேயே கவிழ்ந்து அழுதுவிட்டுத்தான் இறங்குவாள்.

இதில் அவளுக்கு ஒரு கண்டம் இருந்தது. பெயர் கிளிஃபர்ட் ஓல்ட்ராய்ட். பிராட்ஃபோர்டில் முப்பத்து நாலு வருடம் பஸ் ஓட்டியவர், அவரும் தனியாள், அவரும் ஆரஞ்சுச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை காலைத் தேநீரின்போது இருபது மீட்டரைக் காலால் அளந்து, அங்கே நிற்கிற வண்டியின் நம்பரை இருவரும் படித்தாக வேண்டும் என்பது அவர் போட்ட விதி. வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்குச் சட்டம் கேட்கிற தூரம் அதுதான். "படிக்க முடியாத அன்னிக்கு சாவியத் தூக்கிப் போட்டுறணும்" என்பார். இந்தத் திருவிழா வட்டத்தில் ஆளின் பெயர் மறந்துபோகும், ஆளின் வண்டி மறக்காது. யார் எந்த மூலையில் நிறுத்துவார்கள் என்பதும் வருடா வருடம் மாறாது. டோரீன் வரிசையில் நடந்துபோய், ஒவ்வொரு நம்பர் பிளேட்டிலும் மூக்கு இடிக்கக் குனிந்து, ஷூ நாடா கட்டுவதுபோல் பாவனை செய்து, அத்தனையையும் மனதில் ஏற்றிவைத்திருந்தாள். மே மாதத்திலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

ஆகஸ்டில் ஷ்ராப்ஷயர் பக்கம் வென்ஹோப் திருவிழா. மூன்று நாள் மழையில் வயல் சேறாகிக் கிடந்தது. ஞாயிறு காலை கிளிஃபர்ட் வழக்கம்போல் அளந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வேலியோரம் கடைசி வண்டி. பச்சைப் பந்தல் போட்டிருக்கே, அது."

டோரீனுக்கு ஓரக்கண்ணில் பச்சை தெரிந்தது. வேலியோரம், பச்சைப் பந்தல் என்றால் அது வருடா வருடம் அங்கே நிறுத்துகிற பாலின் என்ற பெண்.

"இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா? ஒய் ஜே, பூஜ்யம் ஒன்பது, கே டி எஃப். உன் பஸ்ஸுல ஏறினவங்க பாவம், இதைவிட லேசான கேள்வி உனக்குக் கெடைக்கலியா?"

கிளிஃபர்ட் சிரிக்கவில்லை. கோப்பையைப் புல்லில் வைத்தார்.

"திரும்பச் சொல்லு."

சொன்னாள். இந்த முறை கொஞ்சம் வேகமாக.

"அது பாலினோட பழைய வெள்ளை வண்டி நம்பர். போன மாசம் அத வித்துட்டா. பந்தல மட்டும் கழட்டிப் புதுசுல மாட்டியிருக்கா. டோரீன், அங்க நிக்கறது நீல வண்டி."

டோரீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தாள்.

"கண்ணாடி மாத்தணும். அவ்வளவுதான்."

"எங்கிட்ட ரீல் விடாத. எத்தன நாளா?"

"மார்ச்சிலருந்து."

"மார்ச்சா! அடிப்பாவி! வியாழக்கிழம என் பின்னாடியேதான வந்த? பள்ளிக்கூடம் தாண்டி?"

"இந்த ஒரு சீசன் விட்டுடு, கிளிஃப். செப்டம்பர்ல நானே எழுதிப் போட்டுடறேன். சத்தியமா."

"சாவியக் குடு."

"நீ யாரு எனக்கு? ஒருத்தன்கிட்டருந்து தப்பிச்சு வந்ததே உங்கிட்ட சாவி குடுக்கத்தானா?"

"நான் யாருமில்ல. உன் வண்டிய நானே ஓட்டிட்டுப் போறேன். எங்க நிறுத்தணும்னு மட்டும் சொல்லு."

"எங்க நிறுத்துவ? எத்தன நாளைக்கு? சொல்லு பாப்போம்!"

கிளிஃபர்ட் எழுந்தார். தலையைத் தடவிக்கொண்டார்.

"மத்தியானம் ஆபீஸ் கூடாரத்துல நீயே போய்ச் சொல்லு. இல்லன்னா நான் சொல்வேன். அப்புறம் நீ எங்கூட பேசாட்டியும் பரவால்ல" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் வேலைக்குப் போனார்.

அவர் சட்டையின் ஆரஞ்சு மறைந்ததும் டோரீன் எழுந்தாள். கேஸை மூடினாள், படியை மடித்தாள், நாற்காலியை உள்ளே எறிந்தாள். எங்கே போவதென்று ஒரு யோசனையும் இல்லை. லிங்கன்ஷயர் பண்ணைக்காரர் அக்டோபருக்கு முன்னால் சேர்க்கமாட்டார். மத்தியானத்துக்குள் இந்த வயலைத் தாண்டிவிட வேண்டும், அதற்கப்புறம் நடப்பது நடக்கட்டும். பயத்தில் இருக்கிறவளுக்குப் புத்தி அந்த அளவுக்குத்தான் வேலை செய்யும்.

மழைக்குப் பயந்து பாதிக் குடும்பங்கள் அன்றே மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. வயலிலிருந்து வாசல்வரை சேற்றின்மேல் இரும்புத் தகடு பரப்பிய பாதை, இருநூறு மீட்டர். பதினோரு வருடமாக அவள் பிறத்தியாருக்குக் காட்டிய பாதை. முதல் கியரில் உருட்டினாள். கண்ணில் மிச்சமிருந்த பார்வையையும் அழுகை மறைத்தது. இடப்பக்கம் தலையைச் சாய்த்தாள், வேலி தெரிந்தது. வலப்பக்கம் சாய்த்தாள், ஆட்கள் நடப்பது தெரிந்தது. நடுவில் எப்போதும்போல் சாம்பல்.

சக்கரத்தின் அடியில் மரம் முறிந்தது.

ஒரு பெண் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி அலறினாள். "ஐவோ! ஐவோ!"

எங்கள் திருவிழாக்களில் குழந்தைகளைச் சின்ன இழுவண்டியில் வைத்துத்தான் இழுத்துப் போவார்கள். மெத்தை போட்டு, மேலே துணி கட்டி, வண்ண விளக்கு சுற்றியிருக்கும். குழந்தை அதிலேயே தூங்கும். முறிந்த சத்தத்திலேயே டோரீனுக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. கதவைத் திறந்து இறங்கவில்லை, விழுந்தாள். சேற்றில் தவழ்ந்துபோய் உடைந்த பலகைகளுக்குள் இரண்டு கையையும் விட்டாள். போர்வை வந்தது. விளக்குச் சரம் வந்தது. பிறகு ஒரு குட்டி ரப்பர் பூட்ஸ் வந்தது. அதற்குள் கால் இல்லை. அந்தக் காலைத் தேடி மறுபடியும் கையை விட்டாள். ஆணி கிழித்தது. அவள் நிறுத்தவில்லை. கடவுளே கடவுளே என்று வாய் தன்னால் சொல்லிக்கொண்டிருந்தது.

"இருக்கான்! எங்கிட்ட இருக்கான்!" பிள்ளையின் அப்பா ஓடிவந்தார். சிப்ஸ் வாங்கித் தரத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். தோளில் பையன், ஒரு காலில் பூட்ஸ், மற்றது வெறுங்கால். தாய் பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

கிளிஃபர்ட் மூச்சிரைக்க வந்து டோரீனின் தோளைப் பிடித்து இழுத்தார். "வெளிய வா. காலி வண்டி. உள்ள யாருமில்ல, வா."

"எங்க? புள்ள எங்க?"

"உன் முன்னாடிதான் நிக்கறாங்க."

டோரீன் தட்டுத்தடுமாறி எழுந்தாள். சேறும் ரத்தமுமான கையில் பூட்ஸை ஏந்தி, "மன்னிச்சுடும்மா" என்று நீட்டினாள். அவள் நீட்டிய திசையில் வேலிக்கம்பம்தான் இருந்தது.

தாய் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு, அந்த நீட்டிய கையையும் பின்னால் நின்ற வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத ஓட்டினது நீங்களா? உங்களுக்குக் கண்ணு..."

கிளிஃபர்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டோரீன் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"நான்தாம்மா. கண்ணு தெரியாது. எங்கயாச்சும் ஒரு நாள் இப்படி ஆகும்னு தெரியும். தெரிஞ்சும்தான் ஓட்டினேன்."