ஏப்பம் விடப் பழகிய நாட்கள்

என் வீட்டுக்காரர் எஹலியகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினவர். அவர் வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கடை முதலாளியிடம் சிங்களத்தில் வம்பளப்பார், வீட்டுக்கு வந்து என்னிடம் தமிழில் சண்டை பிடிப்பார். அந்த மனுசனுக்குத்தான் குரல்வளையில் புற்றுநோய் வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துவாரம் இருந்தது. என்னைக் கூப்பிடக் கையைத் தட்டுவார். நான் வருவதற்குள் அவர் கண் கலங்கியிருக்கும்.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி தரும் சிங்கள மிஸ், காற்றை விழுங்கி ஏப்பமாக மேலே கொண்டுவந்து அந்தச் சத்தத்திலேயே பேசலாம் என்று சொல்லி, செய்தும் காட்டினார். 'பா', 'தா' என்று தொடங்க வேண்டும், தினமும் பழக வேண்டும், விட்டுவிட்டால் வராது என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ஏப்பம் விடாதீர்கள் என்று இத்தனை வருசம் இவரிடம் கத்தினவள் நான்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பழகுவது லேசில்லை. நடுச்சுவர் கூரை வரை போகாது. இங்கே இருமினால் அங்கே கேட்கும். சீக்கிரமே பக்கத்துக் காம்பராத் தங்கச்சி கோப்பையோடு வந்து நின்றாள்.

"அண்ணனுக்கு வாயுத் தொல்ல போல, மதினி. ஓமத்தண்ணி காய்ச்சியிருக்கேன், குடுங்க."

நல்ல மனசுதான். ஆனால் அவள் பிள்ளைகள் சுவருக்கு அந்தப் பக்கம் ஏப்பம் விட்டு விட்டுச் சிரித்தார்கள். இவர் ஓமத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதோடு பயிற்சி நின்றது. கெஞ்சினேன், திட்டினேன். கையை மட்டும் ஆட்டினார். இனி ஒரு வார்த்தை பேசாமலே இருந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

ஒரு சாயந்தரம் வேலை விட்டு வரும்போது கடையில் சோடா வாங்கினேன். அவருக்கு முன்னால் உட்கார்ந்து மடக்கு மடக்கென்று குடித்தேன். பிறகு விட்டேன் பாருங்கள் ஒரு ஏப்பம், லயமே கேட்டிருக்கும். அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்களும் விடுங்க. எது யாரு சத்தம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டா எல்லாம் நான்தான்னு சொல்றேன்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மதினி, உங்களுக்குமா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"ஆமா, எனக்குந்தான்!"

அவர் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அன்றிலிருந்து சாயந்தரமானால் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவோம். வெட்கம் மானம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அவருக்குச் சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை. வாரங்கள் போயின. ஒரு நாள் நான் சோடா குடித்துவிட்டு வரிசையாக விட்டுக்கொண்டிருந்தபோது அவர் கையை உயர்த்தினார். காற்றை விழுங்கினார். முகம் சிவந்தது.

"போ... தும்."

கரகரவென்றுதான் வந்தது. ஆனால் வார்த்தை.

ஆபரேசனுக்குப் பிறகு இந்த மனுசன் என்னிடம் பேசிய முதல் பேச்சே என் வாயை மூடச் சொல்லித்தான். வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.